தப்பான வாசலில் கட்டிய கல்யாண வளைவு

ஹார்மன் வெல்டிங் என்பவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என் வீட்டுக் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. நான் அந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் வாடகைக்கு வந்திருந்தேன். பெட்டிகள்கூட இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"யாருங்க அது, மேல என்ன பண்றீங்க?"

"பக்கத்து வீடு. ஓடு நழுவியிருக்கு. நீ யாரு?"

"நகராட்சியில வேலைக்கு வந்திருக்கேன். க்ரோனிங்கன்ல படிச்சேன். எங்க குடும்பத்துலயே முதல் பட்டதாரி."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நல்லது தம்பி. ஏணியைப் பிடி, ஆடுது."

வடக்கே உருளைக்கிழங்கு வயலில் குனிந்தே ஆயுளைக் கழித்த குடும்பம் எங்களுடையது. நிமிர்ந்து உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். அந்தப் பட்டத்துக்கு, கிழக்கே இந்த ஆக்டர்ஹூக் கிராமப் பக்கம் கிடைத்த முதல் மரியாதை, ஏணியைப் பிடிப்பது. பிடித்தேன். இறங்கி வந்தவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மரச் செருப்பு, நீலச் சட்டை, காது இரண்டும் காற்றுக்கு விரித்து வைத்தது போல. ஓடு சரி செய்ததற்கு நன்றி சொன்னேன். இது நன்றி சொல்கிற விஷயமே இல்லை என்றார். பக்கத்து வீட்டுக்காரனாக வந்துவிட்டால் முறை என்று ஒன்று இருக்கிறதாம். பிள்ளை பிறந்தால் ஏணியில் நீளத் திராட்சை ரொட்டி தூக்கிக்கொண்டு போக வேண்டும். கல்யாணம் என்றால் பைன் கிளை வெட்டி, காகித ரோஜா சுற்றி, வாசலில் வளைவு கட்ட வேண்டும். செத்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்லி, பெட்டியைத் தோளில் சுமக்க வேண்டும்.

"நான் வாடகைக்குத்தானே வந்திருக்கேன்" என்றேன்.

"தோள் இருக்குல்ல?" என்றார்.

அவர் இருந்தது வெஸ்ஸல் ரூட்டெரிங் என்பவரின் பால்பண்ணையில். பத்தொன்பது வயதில், வெஸ்ஸலின் அப்பா காலத்தில், மாடு கறக்க வந்தவர். வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்தார், அம்மா போனார். வெஸ்ஸலின் தங்கை ஃபென்னா கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனாள். மிச்சம் வெஸ்ஸலும் ஹார்மனும். நகராட்சிப் பதிவில் ஹார்மன் 'பண்ணையாள்'. தொழுவத்துக்கு மேல் 'பண்ணையாள் அறை' என்று ஒன்று உண்டு. அதில் ஒரு கட்டில். கட்டில்மேல் வருஷம் முழுக்க வெங்காயம் காய்ந்துகொண்டிருக்கும். ஊரில் எல்லோரும் அங்கே ஏறிப் போய் வெங்காயம் எடுத்து வந்திருக்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன். அப்படியானால் பண்ணையாள் எங்கே படுக்கிறான் என்று இந்த முப்பது வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நாகரிகமான ஊர். வெங்காயம் நன்றாக இருந்தால் போதும்.

இப்படி எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருந்தபோது அரசாங்கம் தலையிட்டது. 2001-இல், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ளலாம் என்ற சட்டம் உலகத்திலேயே முதலாக எங்கள் நாட்டில் அமலுக்கு வந்தது. அதற்கு அவர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாள் ஏப்ரல் முதல் தேதி. எங்கள் ஊரில் பாதிப் பேர், சாயங்காலம் தொலைக்காட்சியில் 'சும்மா சொன்னோம்' என்பார்கள் என்று காத்திருந்தார்கள்.

அந்த ஜனவரியில்தான் வெஸ்ஸல் பால் கறக்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருந்தார். ஹார்மன்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் 'நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு' என்று கேட்டார்கள். மனிதர் மாட்டைப் பற்றித் தவிர எதற்கும் பொய் சொல்லிப் பழகாதவர். அன்றைக்குப் பழகியதைச் சொன்னார். "வேலைக்காரன்." தாழ்வாரத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். சாயங்காலம் ஃபென்னா வந்து, தங்கை என்று சொல்லி, நேரே உள்ளே போனாள்.

அடுத்த வாரம் அவள் பண்ணைக்கு வந்தபோது நானும் அந்தச் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலின் அகலத்தைக் கையால் அளந்தபடியே பேசினாள்.

"அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வீட்டை எம் பையன் பார்த்துக்குவான். குதிரை வளர்க்கணும்னு அவனுக்கு ரொம்ப நாளா ஆசை. நீ கவலைப்படாத ஹார்மன். உனக்கு நல்ல முதியோர் இல்லமா ஒண்ணு விசாரிச்சு வெச்சிருக்கேன். வாரம் ஒரு தடவை மீன் போடறாங்களாம்."

"எனக்கு மீன் ஆகாது" என்றார் ஹார்மன்.

"பழகிக்கலாம்."

அவள் போன பிறகு, வெஸ்ஸலை உயில் எழுதச் சொன்னேன். படித்தவன் என்ற முறையில் ஒரு கடமை இருக்கிறதல்லவா. அவர் முறைத்தார். அவருடைய அப்பா உயில் எழுதிய மாதமே போய்விட்டார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் உயில் என்றால் எமனுக்கு விலாசம் எழுதிப் போடுகிற மாதிரி. சரி, மூன்று வருஷமாக கல்யாணத்துக்குப் பதிலாக 'பதிவு செய்த துணை' என்று ஒன்று இருக்கிறதே, அதையாவது செய்திருக்கலாமே என்றேன்.

"பதிவு பண்றது மாட்டுக்கு. காதுல மஞ்சளா ஒரு வில்லை மாட்டி விடுவாங்க. இவன் காதைப் பாரு. மாட்ட எடம் இருக்குதான், அதுக்காக மாட்டிர முடியுமா?"

"அப்ப ஏப்ரல்ல சட்டம் வந்ததும் கல்யாணம் பண்ணிக்கோங்க. கட்டினவங்களுக்கு உயில் எதுவும் வேணாம். நீங்க போனா வீடு இவருக்கு. ஃபென்னா அம்மா ஜன்னல் அளக்க வேண்டியதே இல்லை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முப்பது வருஷமாக அந்தப் பழக்கம்தான். கடைசியில் வெஸ்ஸல் சொன்னார்.

"பண்ணிக்கலாம். ஆனா வளைவு கட்டணும். இந்த ஊர்ல எல்லாப் பய கல்யாணத்துக்கும் நான் கிளை வெட்டியிருக்கேன், இவன் ரோஜா சுத்தியிருக்கான். வளைவு இல்லாம நான் நகராட்சிப் படி ஏற மாட்டேன்."

"வளைவுக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க."

"உன் சட்டத்துக்கு இல்ல."

ஆக, தன்னைக் கேட்காமலே போய்விடக்கூடிய ஒரு இதயத்தை வைத்துக்கொண்டு மனிதர் நிபந்தனை போட்டார். அது வளைவுக்கு முன்னால் நின்றுபோனால் ஹார்மனுக்கு வாரம் ஒரு தடவை மீன்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். வளைவைப் பற்றிப் பேச டினெகே அக்காவின் சமையலறையில் அக்கம்பக்கம் கூடியது. டினெகே அக்கா எங்களுக்கெல்லாம் முதல் பக்கத்து வீடு. கல்யாணம், சாவு எதுவானாலும் அவர் கை அசைந்தால்தான் ஊர் அசையும். பாராளுமன்றம் இருக்கும் ஹேகில் எழுதுவதுதான் இந்த நாட்டின் சட்டம் என்று எனக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பேராசிரியர்கள் டினெகே அக்காவின் சமையலறைக்கு வந்ததில்லை.

யாராவது ஆட்சேபணை சொல்வார்கள், நான் எழுந்து மனித உரிமை பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று தயாராகப் போயிருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு காப்பி, ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட், டப்பாவை மூடினார் அக்கா. பிறகு கேட்டார்.

"சரி. பொண்ணு யாரு?"

"ரெண்டு பேரும் ஆம்பளைங்க அக்கா" என்றேன்.

"எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? வளைவு பொண்ணு வீட்டு வாசல்ல கட்டணும். பொண்ணு வீட்டு அக்கம்பக்கம் கட்டணும். மாப்பிள்ளை வீட்டு அக்கம்பக்கம் சாராயம் கொண்டு வரணும். இதுல நாம யாரு?"

அவருடைய கணவர் பெரெண்ட் வாயைத் திறந்தார். வருஷத்துக்கு ஓரிரு முறை திறப்பார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வாசல்தானே."

"அதான் கேக்கறேன். நாமே கட்டி, நாமே சாராயம் கொண்டுபோய், நமக்கே ஊத்திக்கறதா? வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க."

இரண்டு ஆண்கள் ஒரே படுக்கையில் முப்பது வருஷம் படுத்தது யாரையும் உறுத்தவில்லை. யார் யாருக்குச் சாராயம் ஊற்றுவது என்பதில் மனசாட்சி புண்பட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்களையே கேட்டுரலாமே" என்றேன்.

எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். வளைவு எப்போது, எப்படி, யார் கட்டுகிறார்கள் என்று கல்யாண வீட்டுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும்.

அக்கா பிஸ்கட் டப்பாமேல் விரலால் தட்டினார்.

"யாரு தன் வீட்டை விட்டுட்டு அடுத்த வீட்டுக்கு வாழ வந்தது?"

"ஹார்மன்" என்றது கூட்டம்.

"அப்ப ஹார்மன் பொண்ணு. பொறந்த வீடு பக்கத்து ஊர் சின்டெரன்ல இருக்கு, அவங்க அண்ணன் இருக்கான். அங்க கட்டறோம். அந்த வீட்டுக்கு அக்கம்பக்கமா நாமளே இருந்துக்கலாம். சாராயம் பெரெண்ட் தரட்டும், அவன் மாப்பிள்ளைப் பக்கம்."

என்ன ஒரு தீர்ப்பு. எழுதி வைத்தால் உச்ச நீதிமன்றம் பாடமாகப் படிக்கும். ஓட்டை ஒன்றே ஒன்றுதான். ஹார்மன் தன் அண்ணனைப் பற்றி வாய் திறந்து பல வருஷம் ஆகிறது, அது ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. வெங்காயத்தைப் போலவே.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் டிராக்டர் வண்டியில் வளைவை ஏற்றிக்கொண்டு போனோம். இரும்புச் சட்டம், அதில் பைன் கிளை, அதில் நாங்கள் வாரக்கணக்கில் சுற்றிய வெள்ளை ரோஜா. என் ரோஜாக்களை முட்டைக்கோஸ் என்றார்கள், பின்பக்கம் வைத்துவிட்டார்கள். சின்டெரன் வீடு பூட்டியிருந்தது. அண்ணன் வயலுக்குப் போயிருப்பான் என்று அக்கா சொல்லிவிட்டார். வாசல் நிலையில் கம்பி முறுக்கிக் கட்டினோம். அடியில் நின்று சாராயம் குடித்தோம். சாராயம் குடித்த பிறகு வளைவைக் கல்யாணம் முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் கல்யாணம் அவிழ்ந்துவிடும்.

அப்போது ஒரு பெரிய கார் வந்து நின்றது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பல் டாக்டரும் மனைவியும் இறங்கினார்கள். ஹார்மனின் அண்ணன் வீட்டை விற்றுவிட்டுக் கனடா போய் வருஷங்கள் ஆகியிருந்தன. இவர்கள் அதை வார இறுதி வீடாக வைத்திருந்தார்கள்.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

"வளைவு" என்றார் அக்கா. "இந்த வீட்டுப் பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம்."

"எங்களுக்குப் பொண்ணே இல்லையே."

"ஹார்மன்னு பேரு. ஐம்பது வயசு. மாப்பிள்ளை பேரு வெஸ்ஸல்."

அந்தத் தம்பதியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டினாலும் கிடைக்காத முற்போக்கு அவர்கள் வாசலிலேயே வந்து தொங்குகிறது. அந்த அம்மா புகைப்படமாக எடுத்துத் தள்ளினார். இந்தக் கிராமத்தை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எங்கள் முன்னாலேயே வருத்தப்பட்டார். அக்காவுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. அவர் சாராய பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காலி.

வெள்ளிக்கிழமை காலை வெஸ்ஸல் கோட்டு போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். வாசல் மொட்டையாக இருந்தது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மாட்டிடம் போய்விட்டார். ஓடிப்போய் நான் ரகசியத்தை உடைத்தேன். டினெகே அக்காவும் வந்து சேர்ந்தார். சமையலறையில் ஹார்மன், புதுச் சட்டையோடு. எதிரில் ஃபென்னா, இல்லத்தின் வண்ணப் பிரசுரத்தோடு. கல்யாணத்துக்கு வந்ததாகத்தான் சொன்னாள்.

"ஹார்மன், நீ சின்டெரன் போகணும்" என்றார் அக்கா. "பொண்ணு வளைவுக்கு அடியிலதான் வெளிய வரணும்."

"நான் போகல."

"வளைவை இங்க கொண்டுவர முடியாதுப்பா. சாராயம் குடிச்சாச்சு."

"அக்கா, நான் வந்த நாள்லருந்து ஒரு ராத்திரி இந்த வீட்டை விட்டு வெளிய தங்கினதில்ல." மேஜைத் துணியின் ஓரத்தைத் தடவியபடி சொன்னார். "இப்ப நான் வாசலைத் தாண்டினா யாரு? சம்பளம் வாங்கிட்டுப் போற வேலைக்காரன். திரும்பி உள்ள வர்றதுக்கு எனக்கு என்ன இருக்கு?"

ஃபென்னா காப்பியைக் கலக்கினாள். சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது.

"நான் வேணா காரில கொண்டுபோய் விடறேன்" என்றாள், மிகுந்த அன்போடு.

தொழுவத்துக் கதவில் வெஸ்ஸல் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை.

"போடா" என்றார். "நான் வந்து கூட்டிட்டு வரேன்."

"நீ எதுல வருவ? காரே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"டிராக்டரைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல."

"ஊர் நடுவுலதானே வரணும்."

"ஊர் நடுவுலதான் வருவேன்."

சந்தைக்குக்கூட இருவரும் தனித்தனியாகப் போய்த் தனித்தனியாகத் திரும்புகிறவர்கள். ஹார்மன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு என் காரில் ஏறினார். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் வீட்டில் காப்பி கொடுத்து உபசரித்தார்கள். பிறந்த வீட்டைப் பார்க்க நெஞ்சு நிறைந்திருக்குமே என்றார் அந்த அம்மா.

"நீங்க உக்காந்திருக்கற எடம் எங்க பன்னித் தொட்டி" என்றார் ஹார்மன். அவருக்கு அது உபசார வார்த்தைதான்.

அப்புறம் காத்திருந்தோம். டிராக்டர் வரவில்லை. ஹார்மன் வளைவுக்கு அடியில் போய் நின்றார். உதிர்ந்திருந்த ஒரு ரோஜாவை எடுத்து, பிரித்து, மறுபடி சரியாகச் சுற்றினார். என்னுடைய முட்டைக்கோஸ்தான் அது. எனக்கும் பயம் வந்துவிட்டது. ஒரு இதயம், ஒரு பழைய டிராக்டர், வீட்டில் ஃபென்னா.

தெருக்கோடியில் சத்தம் கேட்டது. வெஸ்ஸல் கோட்டு, டை, மரச் செருப்போடு டிராக்டர்மேல் உட்கார்ந்து வந்தார். பின்னால் சைக்கிளில் பாதி ஊர். வண்டியை நிறுத்தாமலே சொன்னார்.

"ஏறு."

"நிறுத்து" என்றார் டினெகே அக்கா. "மாட்டை ஓட்டிட்டுப் போக வந்தியா? இறங்கி முறையாக் கேளு."

வெஸ்ஸல் இறங்கினார். இறங்கியதிலேயே மூச்சு வாங்கியது. தொப்பியை எடுத்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பல் டாக்டர் மனைவி அழத் தயாராகக் கைக்குட்டை வைத்திருந்தார்.

"ஹார்மன். வீட்டுக்கு வரியா?"

"பால் கறந்தாச்சா?"

"பெரெண்ட் கறந்துட்டான்."

"அப்ப சரி" என்று ஹார்மன் வளைவைத் தாண்டி வந்தார்.

நகராட்சியில் அதிகாரி சட்டத்தை வாசித்தார். தம்பதிகள் ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்க வேண்டும், உதவ வேண்டும், துணை நிற்க வேண்டுமாம். முப்பது வருஷம் சொல்லாமலே செய்ததை இனிமேல் செய்ய அரசாங்கம் அனுமதித்தது. இருவரும் சரி என்றார்கள். ஃபென்னா எல்லோருக்கும் முன்னால் கை தட்டினாள். வளர்ப்பு அப்படி.

வெஸ்ஸல் போன வருஷம் மார்ச்சில் காலமானார். இந்த முறை ஹார்மன் தாழ்வாரத்தில் உட்காரவில்லை. சவ ஊர்வலத்தில் பெட்டிக்குப் பின்னால் யார் முதலில் போவது என்று ஃபென்னா ஏதோ தொடங்கினாள். டினெகே அக்கா ஹார்மனின் முழங்கையைப் பிடித்து முதலில் நிறுத்தினார். வெஸ்ஸலின் அப்பா செத்தபோது இதே ஹார்மன் வரிசைக் கடைசியில், மாட்டு வியாபாரியோடு நடந்தாராம். பெட்டியைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். தோள் இருக்கிறதே.

ஃபென்னாவின் பையன் குதிரைக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஹார்மன் அதே வீட்டில்தான் இருக்கிறார். மாடுகளில் பாதியை விற்றுவிட்டார், மீதியைத் தானே கறக்கிறார். ராத்திரி கீழே, பெரிய படுக்கையறையில் படுக்கிறார். மேலே கட்டிலில் வெங்காயம் காய்கிறது.